வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

கேள்வி: தீண்டாமையை எதிர்த்தவர்களில், பெரியாரைத் தவிர நம் கொங்கு நாட்டில் நினைவுகூரத் தக்கவர்கள் யார்? (வாசகி, பவானி)

பதில்: பெரியாரின் வீட்டிலிருந்தே தொடங்கலாம். வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924இல் நடந்த சத்தியாகிரகத்தில் பெரியார் இருமுறை சிறை சென்றார்; அவருடைய துணைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் ஈரோட்டிலிருந்து சென்று அந்தக் களத்தில் நின்றார்கள். பெரியார் பெயரை முழங்கும் மேடைகளில்கூட இவ்விருவர் பெயரும் அரிதாகவே ஒலிக்கிறது என்பது எம் மனக்குறை. கோபிசெட்டிபாளையம் லட்சுமண ஐயரோ, சொந்தச் சாதியாரின் ஒதுக்கலைத் தாங்கிக்கொண்டு ஒடுக்கப்பட்டோருக்குத் தம் வீட்டைத் திறந்துவிட்டவர். நகராட்சித் தலைவராக இருந்தபோது, மனிதர் கையால் மலம் அள்ளவைத்த எடுப்புக் கக்கூஸ்களை ஊரிலிருந்து ஒழிக்கப் பாடுபட்டார்.