கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருப்பவருக்கு வாழ்க்கையில் பிடிப்பும் கடவுள் நம்பிக்கையும் வருமா?

கேள்வியில் பெயர் இல்லை. ஆனால் "அவரை எப்படித் தேற்றுவது" என்று முடித்திருப்பதால், படுத்திருப்பவர் நீங்கள் இல்லை, நீங்கள் கூட இருந்து அவரைப் பார்த்துக்கொள்கிற அண்ணனோ அக்காவோ என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

எனக்குக் கடையம் பக்கம். 2019-இல் தென்காசி மாவட்டத்தைப் பிரித்தபிறகு முகவரி மாறிவிட்டது, ஆனால் யாராவது கேட்டால் இன்றைக்கும் திருநெல்வேலி என்றுதான் வாயில் வரும். கோடையில் தண்ணீர் இறங்கிக் கிடந்த கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்ததில் கழுத்து எலும்பு முறிந்தது. சி6 என்பார்கள், கழுத்துத் தண்டுவடத்தில் ஆறாவது இடம். மணிக்கட்டை மேலே தூக்க முடியும், விரலை மடக்க முடியாது. மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தானாகக் கொஞ்சம் கூடும், அந்தப் பிடியில்தான் டம்ளர் எடுக்கிறேன். நெஞ்சுக்குக் கீழே சூடு, குளிர், வலி எதுவும் தெரியாது.

முதல் இரண்டு மூன்று வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கடவுளைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு பெரியவர் போன ஜென்மத்து வினை என்றார். கூடப் படித்தவன் ஒரு ஜெபக்கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான், மேடையில் வைத்து "எழுந்து நட" என்றார்கள். நடக்கவில்லை, விசுவாசம் போதவில்லை என்றார்கள். நான் எந்த மதத்தையும் குறை சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வரவேண்டாம், இரண்டு பேரும் என்மேல் பாசம் உள்ளவர்கள்தான். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று அவர்களில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. முதுகுக்குக் கீழே, வால் எலும்புப் பக்கம், புண் எலும்பு வரைக்கும் போனது. கடவுளே கிடையாது என்று அந்த நாட்களில் நான் கத்தியதில் பாதி காய்ச்சல்.

அதனால் உங்கள் தம்பியிடம் (தம்பி என்றே வைத்துக்கொள்வோம்) தத்துவம் பேசுவதற்கு முன்னால் முதுகைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது புண்ணின் ஆரம்பம், அந்தப் பக்கம் படுக்கவிடாதீர்கள். மூத்திரம் கலங்கி நாற்றம் எடுத்து, கூடவே காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். விரக்தி என்று நீங்கள் நினைப்பது சிலசமயம் கிருமித்தொற்றாக இருக்கும்.

புண் ஆறியபிறகு ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்குப் போனேன், மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு மையம் அது. நம் பக்கத்தில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அதை ஆரம்பித்த ராமகிருஷ்ணன் 1975-இல், இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் சொந்த ஊரிலேயே சங்கத்தைத் தொடங்கினார், 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எல்லோரும் அவரைப் பார்த்து ஊக்கம் வந்தது என்று எழுதுவார்கள். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அவர் அவர், நான் பீடி சுற்றுகிற வீட்டுப் பையன். எனக்கு அங்கே உபயோகப்பட்டது பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு கொத்தனார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்து முதுகு பாரத்தை இறக்குவது, உள்ளங்கையில் பட்டை கட்டி அதில் குச்சியைச் செருகி செல்போனைத் தட்டுவது, இதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது.

அந்தக் குச்சியால்தான் அம்மாவின் பி.எப். கணக்கைத் திறந்தேன். அம்மாவுக்கு முடிந்ததும் பக்கத்து வீட்டு மைனி வந்தார், அப்புறம் தெரு முழுக்க.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. ஒரு காலத்தில் பீடிக் கம்பெனியில் கணக்கு எழுதியவர் காதில் விழுந்த பெயரை எழுதி வைத்தார். ஆதாரில் வேறொருத்தர் வேறு மாதிரி எழுதினார். மாரியம்மாளை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதத்திலும் எழுதியிருக்கிறார்கள். பிறந்த தேதி தெரியாது என்றால் ஜனவரி 1. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள். காலமெல்லாம் தட்டை மடியில் வைத்து இலை வெட்டியவள் 58 வயதில் பென்ஷன் கேட்டால், அந்தப் பெயர் நீ இல்லை என்கிறார்கள். 2014-இல் குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று வைத்த பென்ஷனுக்கு இவ்வளவு பாடு. இதில் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷாவருஷம் ரேகை வைக்கவேண்டும், பீடி சுற்றிச் சுற்றி விரலில் ரேகையே இருக்காது. (இப்போது முகத்தைக் காட்டியே செல்போனில் பதியலாம். தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.) ரேகை விஷயத்தில் எனக்கும் அவர்களுக்கும் ஒரே கதிதான். சுருண்ட விரலை மிஷினில் வைக்க ரேஷன் கடையில் நான் பட்ட பாடு தனி. சரி, அதை இன்னொரு கேள்வியில் எழுதுகிறேன்.

ஒரு சித்திக்குப் பெயர் திருத்தம் இழுத்துக்கொண்டே போனது. ஒருநாள் வாசலில் நின்று கத்தினார்: "ஏல, நீ கெடக்கது கெட, என் காசு எங்கல?" அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அடிபட்டபிறகு என்னை அப்படி யாரும் பேசியதில்லை. ராத்திரி முழுக்கக் கோபத்தில் தூக்கம் இல்லை. விடிந்ததும் அம்மாவை எழுப்பிக் குச்சியைக் கட்டச் சொன்னேன். காசு வந்தது. படிக்காத பொம்பளைகளிடம் பணம் பிடுங்குகிறான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வாங்குகிறேன்தான். வெளியே புரோக்கர் கேட்பதில் கால்வாசி. சும்மா செய்துகொடுக்க நான் சாமியார் இல்லை.

கடவுள் விஷயம். நம் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் யாரும் இருக்கமாட்டார்கள், உங்களுக்கே தெரியும். எங்கள் சாஸ்தா குளத்தங்கரையில் இருக்கிறார், படிக்கட்டு கிடையாது, சக்கர நாற்காலி நேரே போகும். பெரிய கோயில்களில் வாசற்படியிலேயே என் பக்தி முடிந்துவிடும். ஆனால் கோயிலுக்கு வரி எழுதும்போது மட்டும் என் பெயரைத் தாண்டிப் போவார்கள். கல்யாணம் ஆனால்தான் தலைக்கட்டு, அதாவது வரி கொடுக்கிற தனிக் குடும்பம், என்பது முறை, எனக்கு அது இனி இல்லை. கையில் காசு புழங்க ஆரம்பித்த வருஷம் நோட்டில் என்னையும் எழுதுங்கள் என்றேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே, "உனக்கு எதுக்குல வரி, சாமி உன்ட்ட கேக்காது" என்றார். "கேக்காத சாமிட்ட நானும் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றேன். கூட்டத்தில் ரொம்ப நேரம் வாக்குவாதம். முறையை மாற்றக்கூடாது என்று ஒரு அண்ணாச்சி எழுந்தே போய்விட்டார். கடைசியில் எழுதினார்கள்.

எனக்கு ஏன் இப்படி ஆனது என்பதற்கு அந்தச் சாமியிடம் பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை, கேட்டதும் இல்லை. மற்றவனுக்கு உள்ள கடன் எனக்கும் உண்டு என்கிற அளவில் எனக்கும் அதற்கும் ஒத்துப்போகிறது. இது நம்பிக்கையே இல்லை என்று படித்தவர்கள் சொல்லலாம், சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பியைத் தேற்றாதீர்கள். வீட்டில் கரண்ட் பில், பால் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பம் என்று ஏதாவது ஒன்றை அவர் பொறுப்பில் விடுங்கள். கை வராது என்றால் வாயால் சொல்லி எழுதவைக்கட்டும். தாமதமானால் மற்றவர்களைத் திட்டுகிற மாதிரியே திட்டுங்கள். கடையம், முக்கூடல் பக்கம் உள்ளவர் என்றால் என்னிடமே பேசச் சொல்லுங்கள், ஒரு மூட்டை பி.எப். காகிதம் பார்க்க ஆள் இல்லாமல் கிடக்கிறது.