சிக்கலாரின் சந்தேகம்

அன்புள்ள ஐயா,

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும் அவள், “அந்த ஆள் கடைசி வரை மோகனாவைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறார். இதைப் போய்க் காதல் படம் என்கிறாயே அம்மா?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கே., கோவை

அன்புள்ள கே.,

மகள் கேட்டது சரியான கேள்வி. நாட்டியக்காரி மோகனாவைச் சந்தேகப்படும் நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரத்துக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு.

நாதஸ்வரக் குழுவைப் பெரிய மேளம் என்பார்கள், சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) ஆடும் குழுவைச் சின்ன மேளம் என்பார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குள்தான். பெரிய மேளம் ஆண்களின் ராஜ்யம். சின்ன மேளத்தில் ஆடுகிற பெண்ணை நம்பித்தான் வீடே நடக்கும். அவளுக்கு வசதியான ஒருவரைப் பார்த்துவைப்பது தாயின் பொறுப்பு. மோகனாவின் தாய் வடிவாம்பாள் பணக்காரச் சிங்கபுரம் மைனர் பக்கம் சாய்வது வெறும் பேராசை இல்லை, தலைமுறைப் பழக்கம். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டம் போட்டு நிறுத்தியதே 1947-ல்தான். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் இந்தக் கதையை எழுதியது அதற்குச் சுமார் பத்தாண்டு கழித்து. வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

ஆக, மோகனா கேட்பது கல்யாணம். அவள் வீட்டுக்குப் பழக்கமே இல்லாத ஒன்று. அவரோ அந்த வீட்டைப் பார்த்துப் பயப்படுகிறார். பயம் புரிகிறது, அதற்கு அவளைத் தண்டிப்பதுதான் அநியாயம். மதன்பூர் மகாராஜா வருகிற காட்சிகளில் அவள் தன்னை நிரூபிக்க வேண்டியிருப்பது எனக்கும் பிடிக்காத பகுதி. இழுவை வேறு.

சரி, காதல் எங்கே? 1968-ல் வந்த சிவாஜி படம், ஆனால் கதாநாயகனுக்கு ஒரு பாட்டுகூடக் கிடையாது. டூயட்டும் இல்லை. அவர் மனசில் இருப்பதையெல்லாம் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம்தான் சொல்கிறது. அவள் பக்கம் பி. சுசீலாவின் குரல். ‘மறைந்திருந்தே பார்க்கும்’ பாட்டில் ‘சண்முகா’ என்று வரும்போது சபை முருகனை நினைத்துக்கொள்ளும். தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறவருக்குத் தெரியும், யாரைக் கூப்பிடுகிறாள் என்று. (வீறாப்பாகச் சபதம் போட்டுவிட்டு ஒளிந்து பார்க்கிற ஆள்!) ‘நலந்தானா’வும் அப்படித்தான். கத்திக்குத்துப் பட்டு மீண்டு வந்தவரிடம் பக்கத்தில் போய்க் காயத்தைப் பற்றி விசாரிக்க அவளுக்கு வழியில்லை. அத்தனை பேர் பார்க்க அபிநயத்திலேயே கேட்டுவிடுகிறாள். அவர் வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணால் பதில் சொல்கிறார். தனியாகப் பேசும்போது இந்த இருவருக்கும் சண்டைதான் வருகிறது. மேடையில் மட்டும் ஒருவரை ஒருவர் முழுசாக நம்புகிறார்கள். நான் இதைக் காதல் படம் என்பது அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான்.

மகளுக்கு நாதஸ்வரம் பிடித்திருந்தால் அடுத்து ‘கொஞ்சும் சலங்கை’ பாருங்கள், 1962-ல் வந்தது. கதை சுமார்தான். ஆனால் ‘சிங்கார வேலனே’வில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்துக்கு எஸ். ஜானகி ஈடுகொடுப்பதை நல்ல ஸ்பீக்கரில் கேட்க வேண்டும்.