முன்சக்கரத்தில் எந்த மூட்டு தேய்ந்திருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

15 ஆண்டு முடிந்த காரை ஆர்.சி. புதுப்பிப்பதற்கான ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும், முன்பக்கம் ‘டக் டக்’ என்கிறது, மெக்கானிக்கோ எல்லா மூட்டுகளையும் மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் போயிருக்கும்.

சமதரையில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது, ஸ்டாண்டும் கொடுங்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றால் சக்கர பேரிங்கில் கோளாறு. நிற்காவிட்டால், சக்கரத்தைத் தாங்கும் கையோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டைச் சந்தேகிக்கலாம். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் லொடலொடத்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் முனை மூட்டு. அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே இடிப்பது கையிலேயே தெரியும்.

ஒரு நுணுக்கம்: சுருள்வில் கீழ்க்கை (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்ப்பக்கக் கை, லோயர் ஆர்ம்) மீதே உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் ஜாக்கியைக் கீழ்க்கைக்கு அடியில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வில்லின் அழுத்தம் மூட்டை இறுக்கிப் பிடித்து, தேய்மானத்தை மறைத்துவிடும்.

ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வழிந்தால், ஆட்டம் இல்லாவிட்டாலும் அந்த மூட்டை மாற்றிவிடுங்கள். மண்ணும் நீரும் புகுந்து அதைச் சீக்கிரம் தின்றுவிடும். எதிலும் ஆட்டமே இல்லை, சின்னக் குழிகளில் மட்டும் சத்தம் என்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு) பாருங்கள், செலவு குறைவு. டை ராட் எண்ட் மாற்றினால், வீல் அலைன்மெண்ட் செய்த பிறகே ஆய்வுக்குப் போங்கள்.