வீட்டு வழக்குக்குக் கட்டுமானச் சட்ட சங்க உறுப்பினர்தான் வேண்டுமா?

கேள்வி: சொந்த மனையில் நாங்கள் குடியிருக்க ஒரு வீடு. சதுர அடி கணக்கில் எழுத்து ஒப்பந்தம் போட்டு கான்ட்ராக்டரிடம் விட்டேன். 18 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) மட்டத்தோடு வேலையை நிறுத்திவிட்டார். ஒன்றரை வருடமாக ‘அடுத்த மாதம் தொடங்குகிறேன்’ என்கிறார். தெரிந்தவர் ஒருவர், “கட்டுமானச் சட்ட வழக்கறிஞர்கள் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்தான் இதை நடத்த முடியும். நான் ஏற்பாடு செய்கிறேன். முன்பணம் 50,000, வருகிற தொகையில் 20 சதவீதம்” என்கிறார். கொடுக்கலாமா?
(வாசகர், மதுரை)

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்னதில் முதல் வாக்கியமே தவறு.

நம் நாட்டில் கட்டுமான வழக்குகளுக்கென்று தனி லைசென்ஸ் எதுவும் இல்லை. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலில் பதிவு பெற்ற வழக்கறிஞர் யாரும் உங்களுக்காக ஆஜராகலாம். கட்டுமானச் சட்டத்துக்கான சங்கங்கள் இருப்பது உண்மைதான். பிரிட்டனில் 1983இல் தொடங்கிய ‘சொசைட்டி ஆஃப் கன்ஸ்ட்ரக்‌ஷன் லா’ அவற்றில் பெயர் பெற்றது. அதே பெயரில் இந்தியாவிலும் ஒன்று இயங்குகிறது. வழக்கறிஞர்கள் மட்டுமல்ல, பொறியாளர்களும் அதில் சேரலாம். பெரிய திட்டங்களில் தாமதம் யாரால் வந்தது, அதை எப்படிக் கணக்கிடுவது என்று பிரிட்டிஷ் சங்கம் 2002இல் வெளியிட்ட வழிகாட்டியை (2017இல் திருத்திய பதிப்பு வந்தது) பாலம், மெட்ரோ வழக்குகளில் புரட்டுவார்கள். நல்ல வேலைதான், எனக்கும் அதில் மதிப்பு உண்டு. ஆனால் சந்தா கட்டிச் சேர்ந்த உறுப்பினர் என்பது வழக்கு நடத்தும் திறமைக்குச் சான்றிதழ் ஆகாது. ஒரு வழக்கறிஞரின் பெயர்ப்பலகையில் ‘இன்ன சங்க உறுப்பினர்’, ‘இன்ன துறை நிபுணர்’ என்று போடவே கூடாது என்கிறது பார் கவுன்சிலின் 36ஆவது விதி. பலகையில் எழுதக்கூடாததைத்தான் இந்த இடைத்தரகர் வாயால் விற்கிறார்.

அப்புறம் அந்த 20 சதவீதம். ஜெயித்தால் பங்கு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடக்கூடாது, அதுவும் விதியிலேயே இருக்கிறது. அப்படியானால் பங்கு யாருக்குப் போகிறது? பெரும்பாலும் தரகருக்கு. வழக்கறிஞர்கள் சட்டத்தில் 2023இல் கொண்டுவந்த திருத்தப்படி, நீதிமன்றம் தரகர் பட்டியலில் சேர்த்த ஒருவர் தொடர்ந்து அந்தத் தொழிலைச் செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைப்பவனுக்கு 500 ரூபாய் அபராதம் என்று எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வழக்கறிஞர் உங்களைக் கைவிட்டாலும் நுகர்வோர் ஆணையத்தில் அவர்மேல் புகார் தர முடியாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார் கவுன்சிலில்தான் முறையிட வேண்டும். அதனால்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே கவனம் தேவை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வீடு கட்டித் தருவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி ஒரு சேவை. நீங்கள் கொடுத்தது 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். 18 லட்சத்துக்குப் புகார்க் கட்டணம் 400 ரூபாய். நீங்களே நேரில் வாதாடலாம், வழக்கறிஞர் வைப்பது உங்கள் விருப்பம். ஒப்பந்தத்தில் ‘ஆர்பிட்ரேஷன்’ (தகராறைத் தனி நடுவரிடம் தீர்த்துக்கொள்வது) என்று ஒரு வரி இருந்தாலும் ஆணையத்தின் கதவு மூடாது.

புகார் தருவதற்குக் கெடு இரண்டு வருடம். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். ‘அடுத்த மாதம்’ என்று அவர் வாய்வார்த்தையாகச் சொல்வதால் கெடு நீளாது. உங்களுக்கு ஒன்றரை வருடம் ஏற்கனவே போய்விட்டது. பேசிப் பார்க்கலாம் என்று காத்திருந்து, கெடு தாண்டியபின் ஃபைலோடு வந்து கண் கலங்கியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பெரிய பொறி, மீதி வேலையை வேறு மேஸ்திரியிடம் அவசரமாகக் கொடுப்பது. மேல்பூச்சு ஏறிவிட்டால் முதல் கான்ட்ராக்டர் எதுவரை கட்டினார், எவ்வளவு மோசமாகக் கட்டினார் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் ஒரு சிவில் பொறியாளரை வைத்து அளந்து, மதிப்பீட்டு அறிக்கை வாங்குங்கள். புகாரோடு அட்வகேட் கமிஷனரை (தளத்தைப் பார்த்து அறிக்கை தர ஆணையம் அனுப்பும் வழக்கறிஞர்) நியமிக்கச் சொல்லி மனுவும் போடுங்கள். அவர் பொறியாளரோடு வந்து பார்த்துத் தரும் அறிக்கைதான் இந்த வழக்கின் முதுகெலும்பு. பணம் போன வங்கிப் பதிவுகள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. கட்டடம் வியாபார நோக்கத்துக்கு என்றால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது. ‘கீழே ஒரு கடை வைத்தேன், அதுவும் வியாபாரமா?’ என்று கேட்பார்கள். நீங்களே உட்கார்ந்து பிழைப்புக்காக நடத்தும் கடை என்றால் அது வியாபார நோக்கம் ஆகாது என்று வாதாட இடம் உண்டு. வரிசையாகக் கடைகள் கட்டி வாடகைக்கு விடுவது என்றால் எதிர்த்தரப்பு கண்டிப்பாக இதைப் பிடித்துக்கொள்ளும். அப்போது சிவில் கோர்ட்டோ ஆர்பிட்ரேஷனோதான் வழி. அங்கே கட்டுமான ஒப்பந்தங்களில் ஊறிய வழக்கறிஞர் உண்மையிலேயே உதவுவார். நீங்கள் சொல்வது குடியிருக்கும் வீடு, அதனால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

வழக்கறிஞர் வைப்பதானால் அவரை நேரில் பாருங்கள், தரகர் கூட வர வேண்டாம். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். வீடு கட்டும் தகராறில் எந்தெந்த வழக்கு நடத்தினீர்கள், பொறியாளரைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறீர்களா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்களே வருவீர்களா, ஜூனியரா என்று கேளுங்கள். பணத்துக்கு ரசீது வாங்குங்கள். மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று யாராவது உறுதி சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சட்டத்தில் மூன்று மாதம் என்றுதான் எழுதியிருக்கிறது, வாய்தாக்களோ வருடக்கணக்கில் இழுக்கின்றன. அதற்குப் பயந்து புகாரைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே பொறியாளரைத் தளத்துக்குக் கூப்பிடுங்கள்.