லைஃப்டைம் ஆயில்னா மாத்தவே வேணாமா?

கேள்வி: சார், என் ஆட்டோமேட்டிக் செடான் 70,000 கிலோமீட்டர் ஓடிடுச்சு. கியர்பாக்ஸ் ஆயில் லைஃப்டைம், மாத்தவே தேவையில்லன்னு மெக்கானிக் சொல்றாரு. தினமும் எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி பின்னாடியே ஊர்றேன், இப்ப டிரைவ் போட்டா லேசா ஒரு ஜெர்க் வருது. என்ன பண்ணலாம்?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மாத்திடுங்க சார், தள்ளிப்போடாதீங்க. நம்ம வெயில்ல நின்னு நின்னு போற டிராஃபிக்ல கியர்பாக்ஸ் சூடேறிட்டே இருக்கும், அந்த சூட்டுலதான் ஆயில் கெடுது, அதனால வண்டியோட வர்ற ஓனர் மேனுவல் புக்ல சிவியர் யூஸ்னு, அதாவது கடுமையா ஓடுற வண்டிக்குன்னு ஒரு கணக்கு தனியா போட்டிருப்பாங்க, நீங்க பாக்க வேண்டியது அதத்தான். முதல்ல கொஞ்சம் ஆயில எடுத்து வெள்ளைத் துணில விட்டுப் பாக்கச் சொல்லுங்க, கருத்துப்போய் தீஞ்ச வாடை அடிச்சா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், மழைத்தண்ணி உள்ள போயிருந்தா பால் கலந்த மாதிரி இருக்கும், அப்படின்னா வண்டிய ஓட்டவே ஓட்டாதீங்க. ஒருதடவ ஆயில வடிச்சா மொத்தமும் வராது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர் மாதிரி இடத்துல நிறைய தங்கிடும், அதனால கொஞ்சநாள் ஓட்டிட்டு திரும்ப ஒருதடவ மாத்துறது நல்லது. முக்கியமா, பல்சக்கர கியருக்குப் பதிலா பெல்ட்ல ஓடுற சிவிடி கியர்பாக்ஸா இருந்தா சாதா ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்துற ஏடிஎஃப் ஆயில ஊத்த விடவே விடாதீங்க, உள்ள பெல்ட் வழுக்கிடும், ஹோண்டா சிட்டி சிவிடிக்கெல்லாம் எச்சிஎஃப்-2ன்னு தனி ஆயிலே இருக்கு. டப்பாவ உங்க கண்ணு முன்னாடி உடைக்கச் சொல்லுங்க. மாத்தின பிறகும் ஜெர்க் நிக்கலன்னா இன்ஜின தாங்கிப் பிடிக்கிற இன்ஜின் மவுண்ட்டையும் பாக்கச் சொல்லுங்க.