மலேசியத் தமிழர் தன் பூர்வீக ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

"தாத்தா பெயரும், அவர் ரஜுலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கினார் என்பதும் மட்டும்தான் தெரியும். தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ரஜுலாவை இறக்கி வைத்துவிடுங்கள். மலேசியாவில் எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் தாத்தா ரஜுலாவில்தான் வந்திருப்பார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எங்கள் பூட்டனும் ரஜுலாவில் வந்தார் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா 1919இல் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ரஜுலா கட்டப்பட்டதே 1926இல். மகன் பிறந்து ஏழு வருஷம் கழித்தா அப்பன் கப்பல் ஏறியிருப்பான்? நம் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. சைக்கிள் எதுவானாலும் ராலே என்ற மாதிரி, கப்பல் என்றால் அவர்களுக்கு ரஜுலா. ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பயணிகள் பட்டியல் தேடப் போனால் என்னைப் போல மூன்று வருஷம் வீண்.

நீங்கள் ஐம்பதைத் தாண்டியவர், அப்பாவோ அம்மாவோ அண்மையில் தவறியிருப்பார், காரியம் முடிந்து அலமாரியை ஒழிக்கும்போது ஏதோ ஒரு பழைய காகிதம் கையில் பட்டிருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். பொதுவாக நமக்கு இந்தப் பைத்தியம் அப்போதுதான் பிடிக்கும். கேட்டால் சொல்லக்கூடிய ஆள் போன பிறகு.

பிஜிக்கும் மொரிஷியஸுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள். அங்கே ஒப்பந்தக் கூலியாகப் போன ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி வைத்தார்கள்: பெயர், அப்பன் பெயர், கிராமம், தாலுக்கா, சாதி. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டு, அப்புறம் வந்தவர்களில் பெரும்பகுதி கங்காணி கூட்டிக்கொண்டு வந்தவர்கள். கங்காணி தன் ஊருக்குப் போய்ப் பத்து இருபது பேரைத் திரட்டி, ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறுவோர் முகாமான டிப்போவில் காட்டி, கப்பலேற்றிக் கொண்டுவருவார். 1938இல் இந்திய அரசு அதையும் நிறுத்தியது. கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். அங்கிருந்தவர்கள் நல்ல மாதிரி, கேட்டதை எடுத்துக் கொடுத்தார்கள். நான் பார்த்த கோப்புகளில் கூலிகள் எத்தனை பேர், எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எண்ணிக்கை இருந்தது. பெயர் இல்லை. தோட்டத்து செக்ரோல், அதாவது ஆட்களின் வருகைப் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருந்திருக்கும். எங்கள் தோட்டம் அறுபதுகளில் துண்டாடப்பட்டபோது அந்தப் புத்தகங்கள் எங்கே போயின என்று தோட்டத்து எழுத்தரான கிராணியின் மகனுக்கே தெரியவில்லை.

நீங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) என்றால் இந்தப் பதிலே உங்களுக்கு வேண்டாம். நகரத்தாரின் ஒன்பது கோயிலில் ஏதோ ஒன்றில் உங்கள் வீட்டுப் புள்ளி, அதாவது குடும்பக் கணக்கு, இருக்கும். கத்தோலிக்கர் என்றால் பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளுங்கள். பினாங்கில் தமிழர்கள் என்றால் முதலில் பிரான்சிஸ் சவேரியார் தேவாலயம். மற்றவர்கள், அதாவது தோட்டத்துப் பிள்ளைகள், மேலே படியுங்கள்.

நாங்கள் முதலில் எடுத்தது பூட்டனின் இறப்புப் பதிவின் நகல். பிறந்த இடம்: மெட்ராஸ். அவ்வளவுதான். மெட்ராஸ் என்றால் அன்றைக்கு ஆந்திராவின் பாதி வரைக்கும் மெட்ராஸ்தான். பெயர் முனுசாமி என்று இருந்தது. 1948இல், மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தபோது தாத்தாவின் அட்டையிலும் தகப்பன் பெயர் முனுசாமி. சரி, முனுசாமி என்றே தேடினோம். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பன் பெயர்தான் பின்னால் வரும், ஒவ்வொரு தலைமுறைக்கும் அது மாறும். அதையும் காதால் கேட்டு எழுதியவன் ஒரு வெள்ளைக்காரனோ, மலாய்க்காரரோ, யாழ்ப்பாணத்துக் கிராணியோ. ஒரே ஆளுக்கு நாலு எழுத்துக்கூட்டல் இருக்கும். அதில் நாலுமே தப்பாகவும் இருக்கலாம்.

பாட்டி ஒரு துப்பு கொடுத்திருந்தார். தன் மாமியார், அதாவது பூட்டி, "எங்க ஊர்ல பாய் நெய்வாங்க" என்பாராம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "பாய் என்றால் பத்தமடை, சந்தேகமே இல்லை" என்றார். இரண்டு வருஷம் திருநெல்வேலிக்காரர்களாக வாழ்ந்தோம். என் தம்பி அல்வா எல்லாம் வரவழைத்துச் சாப்பிட்டான்.

உண்மையில் கதவைத் திறந்தது ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அத்தை வீட்டுத் தகரப் பெட்டி. அப்பாவின் அக்கா. எண்பது வயது. கட்டுக் கட்டாகக் காகிதம். அதில் ஒரு கட்டை மட்டும் கொடுத்தார். தாத்தாவின் அண்ணன் ஐம்பதுகளில் ஊருக்குப் போய்வர எடுத்த பயணப் பத்திரம் ஒன்று அதில் இருந்தது. பிறந்த இடத்தில் முதல் வரியைப் பூச்சி தின்றுவிட்டது. இரண்டாவது வரியில் ஆங்கிலத்தில், கையெழுத்தில், "வாண்டிவாஷ்". என் மகன் சலவைக் கடை பெயர் மாதிரி இருக்கிறது என்று சிரித்தான். அதை நானும் ஏதோ வடநாட்டு ஊர் என்று நினைத்து ஒதுக்கி வைத்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தேநீர் குடிக்கும்போது, ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் குவளையைக் கீழே வைத்தார். "1760இல் இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரனை அடித்த இடமாச்சே அது. வந்தவாசி!" என்றார்.

வந்தவாசி. கோரைப்பாய்க்குப் பெயர் போன ஊர். பூட்டி ஒரே வரியில் சொன்னதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இத்தனை காலம்.

தாலுக்கா கிடைத்தது, கிராமம்? அதே கட்டில் நீலக் கடுதாசி ஒன்று. 1966. ஊரிலிருந்து தாத்தாவின் பங்காளித் தம்பி எழுதியது. எல்லோரும் சேமம், மழை இல்லை, பையன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டான், அண்ணன் அவனுக்கு ஒரு கைக்கடிகாரம் அனுப்பினால் நன்றாயிருக்கும். நடுவில் "பெரியப்பா மன்னாரு திதிக்கு" என்று ஒரு வரி. மன்னாரு! முனுசாமி இல்லை, மன்னார்சாமி. வடாற்காட்டுப் பக்கம் பச்சையம்மன் கோயில்களில் கூடவே இருக்கும் சாமி அது. எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு பச்சையம்மாள் இருப்பது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பாட்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்ததும் அந்தச் சாமிக்குத்தான். உங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை எழுதிப் பாருங்கள். அதில் குலதெய்வம் இருக்கும், குலதெய்வத்தில் பிரதேசம் இருக்கும். கடுதாசியின் தபால் முத்திரையில் பாதி எழுத்துதான் தெரிந்தது. வந்தவாசி வட்டத்துக் கிராமங்களின் பட்டியலை வைத்து ஒப்பிட்டதில் ஒரே ஒரு ஊர்தான் பொருந்தியது. பட்டியல் தேடும்போது ஜாக்கிரதை. பழைய காகிதத்தில் வடாற்காடு என்றிருந்தால் இன்று அது வேலூராக இருக்கலாம், ராணிப்பேட்டையாக இருக்கலாம். வந்தவாசி 1989இல் பிரித்ததில் திருவண்ணாமலைக்குப் போய்விட்டது. சேலம் என்றிருந்தால் தர்மபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி எல்லாவற்றையும் பாருங்கள்.

ஊர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் வருகிறது.

2018இல் நானும் தம்பியும் போனோம். போகும் வழியெல்லாம் "நீங்க நல்லா தமிழ் பேசுறீங்களே!" என்ற பாராட்டு. இதை ஒரு இடத்தில் கொட்டியே ஆகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். என் அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் எங்கள் வீட்டுக்கு வராத நாள் கிடையாது. காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் விடுதிப் பையன் சிரிக்கிறான். காருக்குக் "காடி" என்றால் இன்னொருத்தன் சிரிக்கிறான். ஒரு வாக்கியத்தில் ஏழு ஆங்கில வார்த்தை போடுகிற ஆள், என் தமிழுக்கு மார்க் போடுகிறான்! சரி, விடுங்கள்.

ஊர் எல்லையில் டீக்கடையில் விசாரித்தோம். கடைக்காரர் கேட்டார்: "ஊருக்கா, காலனிக்கா?" எனக்குக் கேள்வியே புரியவில்லை. "ஊருக்குத்தான்" என்றேன். ஊருக்குள் ஒரு பெரியவர் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். கடுதாசியைக் காட்டினேன். எழுதியவர் பெயரைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பேச்சில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இவங்க காலனி ஆளுங்க" என்று ஒரு பையனை அழைத்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

மலேசியாவில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வந்தது வேறு. கப்பலில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது இன்னொன்று. பூட்டன் கடலில் எதை எறிந்தார் என்று அந்தத் தெருவில் நடக்கும்போது எனக்குப் புரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எறிந்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேடு பார்க்கச் சொல்லி இணையத்தில் எல்லோரும் ஆலோசனை சொல்வார்கள். பட்டா, சிட்டா, அடங்கல் என்று அடுக்குவார்கள். நிலம் இருந்தவனுக்குத்தான் அதெல்லாம். எங்கள் ஆட்களுக்குக் காலடி மண்கூட எழுத்தில் இல்லை, எந்தப் பதிவேட்டில் தேட? எங்களுக்குப் பதிவேடாக இருந்தவர் ஒரு மனிதர். காலனியில் முதன்முதலில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி, தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவர். எனக்குச் சித்தப்பா முறை. கடுதாசியைக் கையில் வாங்கி முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி தம்பி, வாட்ச் எங்கே?" என்றார். 52 வருஷம் காத்திருந்த மனிதர். என் கையில் கட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் ஐந்து தலைமுறையை வாய்ப்பாடமாகச் சொன்னார், தம்பி எழுதிக்கொண்டான். எங்கள் பூட்டனுக்கு மூன்று தங்கைகள் இருந்தார்கள் என்பதே அன்றுதான் தெரியும். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: சப்பான்காரன் காலத்தில் சயாம்-பர்மா மரண ரயில் பாதை வேலைக்குப் போன சின்னத் தாத்தா என்ன ஆனார்? எங்களுக்கும் தெரியாது என்றோம். அவரைப் பற்றி எங்கும் ஒரு வரிகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது பின்னூட்டத்தில் இரண்டு கூட்டம் வரும். "சாதியைத் தேடி இந்தியாவுக்குப் போனானாம், மலேசியாவில் யார் சாதி பார்க்கிறார்கள்" என்று ஒன்று. ஐயா, என் மகள் கல்யாணப் பேச்சில் இரண்டு முறை கேட்டார்கள், அதனால் அந்தக் கதையை என்னிடம் சொல்லாதீர்கள். இன்னொரு கூட்டம், "அப்படியானால் ஊர் பெயரையும் சாதிப் பெயரையும் தைரியமாகச் சொல்ல வேண்டியதுதானே" என்று கேட்கும். என் அளவில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் இது என் ஒருவனின் கதை இல்லை. என் தங்கை பிள்ளைகள் இன்னும் கல்யாணம் ஆகாமல் இருக்கிறார்கள். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: காப்பகத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் குடும்பத்தில் எந்தக் கிழவி வீட்டில் பெட்டி இருக்கிறது என்று விசாரியுங்கள். தமிழில் எழுதிய கடுதாசிதான் முக்கியம், அரசாங்கக் காகிதம் அப்புறம். கிடைத்த அன்றே உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் எல்லாக் கட்டுகளையும் ஒரே நாளில் கேட்டு வாங்கிவிடுங்கள். அப்படிக் கேட்காமல் விட்ட தப்பை நான் செய்தேன்.

ஊரிலிருந்து திரும்பி வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அவ்வளவு மடையன் நான். "ஏன்டா, ஊரைத் தேடப் போனியா, என் மானத்தை வாங்கப் போனியா?" என்றார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதன் பிறகு தீபாவளிக்குப் போனால் பலகாரம் வைப்பார், பேசமாட்டார். பெட்டி இப்போது அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பூட்டு புதுசு. நான் பார்த்தவரை உள்ளே இன்னும் மூன்று கட்டு பிரிக்காமல் இருந்தது.