புறொக்டருக்குச் சோதனை மண்டபத்தில் என்ன வேலை?

ஐயா,

அம்மப்பாவின் காணி உறுதியில், முடித்தவரின் கையெழுத்துக்குக் கீழே 'புறொக்டர், நொத்தாரிசு' என்று இருக்கிறது. போன மாதம் மகள் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகச் சோதனையை வீட்டிலிருந்தே கணினியில் எழுதினாள். 'உங்களை ஒரு புறொக்டர் கண்காணிப்பார்' என்று மின்னஞ்சல் வந்தது. வழக்குப் பேசுகிறவருக்கு அங்கே என்ன வேலை? இரண்டும் ஒரே சொல்தானா?

வாசகி, கோண்டாவில்

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே சொல்தான். இன்னொருவரின் அலுவலை அவருக்காகப் பார்க்கிறவருக்கு லத்தீனில் புறொக்குறாத்தோர் என்று பெயர். ஆங்கிலேயர் வாயில் அது தேய்ந்து புறொக்டர் ஆயிற்று.

இலங்கையில் அந்த நாளில் பெரிய கோடுகளில், அதாவது நீதிமன்றங்களில், எழுந்து வாதாடியவர் அப்புக்காத்து (அட்வகேட்). புறொக்டர் கட்சிக்காரரிடம் பிறொக்சி, அதாவது அவருக்காக நிற்கும் அதிகாரப் பத்திரம், வாங்கிக் கோட்டில் கொடுப்பார், பத்திரங்களை ஆயத்தம் செய்வார், பிறகு அப்புக்காத்தைப் பிடிப்பார். அந்தப் பிறொக்சியும் இதே வேரில் பிறந்த சொல். பலர் நொத்தாரிசாகவும் இருந்ததால் உறுதியும் அவர்களே முடித்தார்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.சி. என்றிருந்தால் உயர் நீதிமன்றப் புறொக்டர், டி.சி. என்றால் மாவட்ட நீதிமன்றத்தவர். எங்கள் கிழடுகள் பிறக்கிராசி என்பார்கள். சிங்களத்தில் பெரகதோரு, அது போர்த்துக்கீசர் விட்டுப்போனது. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் அப்புக்காத்தையும் புறொக்டரையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி ஆக்கிவிட்டது.

இங்கிலாந்திலோ புறொக்டர் தேவாலய நீதிமன்றங்களின் ஆள். மரணசாசனமும் கலியாண வழக்கும் 1857ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை அங்கேதான் நடந்தன. அதற்கும் முன்னால், தொழுநோயாளர் இல்லங்களுக்காக ஊர் ஊராகப் பிச்சை எடுத்தவரையும் புறொக்டர் என்றார்கள். அதிலும் கள்ளர் புகுந்தார்கள். அனுமதி இல்லாமல் திரியும் புறொக்டருக்குச் சவுக்கடி என்று எட்டாம் ஹென்றி காலத்தில் சட்டமே வந்தது. எங்கள் புறொக்டர்மாருக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் பெயர்ப்பலகை எழுத யோசித்திருப்பார்கள்!

மகளின் புறொக்டர் வேறொரு கிளை. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் மாணவர் ஒழுக்கத்தைப் பார்ப்பவர்களும் புறொக்டர்கள்தான். முன்பு இரவில் காவலாட்களோடு தெருவில் இறங்கி, வெளியே சுற்றும் மாணவரைப் பிடிப்பார்கள். அங்கேயும் ஆள் தனக்காக நிற்கவில்லை, பல்கலைக்கழகத்துக்காக நிற்கிறார். அமெரிக்காவில் அதே பெயர் சோதனை மண்டபத்தில் நிற்பவருக்கும் போனது. பிரித்தானியர் அவரை இன்விஜிலேற்றர் என்பார்கள். எங்கள் பரீட்சை மண்டபங்களில் அவர் நோக்குநர்.